‘அவங்க அப்பாவே லேட்டாதான் பேசினான்’ - பேச்சு வராத குழந்தைக்கு முதலில் என்ன செய்யணும்?

ரெண்டு வயசாகியும் பிள்ளை பேசலையா? திண்டுக்கல் பக்கம் பல வீடுகளில் முதலில் வரும் பதில், “அவங்க அப்பாவே மூணு வயசுலதான் பேசினான்.” அப்பா பேசிட்டார், சரி. ஆனால், தாமதமாகப் பேசும் எல்லாக் குழந்தைகளும் தானாகத் தேறுவதில்லை. யார் தேறுவார்கள் என்று வீட்டில் உட்கார்ந்து கணிக்கவும் முடியாது.

ஒன்றரை வயதில் அம்மா, அப்பா தவிர மூன்று வார்த்தைகளாவது வர வேண்டும். இரண்டு வயதில் ‘பால் தா’ என்று இரண்டைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். மற்றபடி, மூணு வயசுக் குழந்தை சிறுமலை வாழைப்பழத்தை ‘வாயப்பயம்’ என்றால் பதற வேண்டாம். ‘ழ’ பெரியவர்களுக்கே தகராறு!

முதல் வேலை, காது டெஸ்ட். “குக்கர் விசில் அடிச்சா திரும்புறானே” என்பார்கள். அது போதாது. பலத்த சத்தம் கேட்கும் குழந்தைக்குப் பேச்சின் மெல்லிய ஒலிகள் கேட்காமல் இருக்கலாம். ஓ.ஏ.இ. என்ற பரிசோதனையில், காதில் சின்ன முனையை வைத்து, குழந்தை தூங்கும்போதே சில நிமிடங்களில் பார்த்துவிடுவார்கள். வலிக்காது. கேட்கும் திறன் மிகவும் குறைந்து காக்ளியர் கருவி தேவைப்பட்டால், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் உதவி உண்டு. ஆனால், ஆறு வயதுக்குள் பொருத்த வேண்டும். ‘இன்னும் ஒரு வருஷம் பார்ப்போம்’ என்பது இங்கேதான் இடிக்கிறது.

காது நன்றாக இருந்தால்? செல்போன்மீது பழி போட்டு நிறுத்திவிடக் கூடாது. ரெண்டு வயசுக்குள் ஸ்கிரீன் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது சரிதான். ஆனால், போனைப் பிடுங்கினால் மட்டும் பேச்சு வந்துவிடாது. அந்த நேரத்தில் யாராவது குழந்தையோடு பேச வேண்டும்.

ஸ்பீச் தெரபி என்பதும் பெரும்பாலும் விளையாட்டுதான். பிஸ்கட் டப்பாவைக் காட்டி கையை இழுக்கிறதா? உடனே கொடுக்காமல், ‘பிஸ்கட் வேணுமா?’ என்று கேட்டு, அதன் முகத்தைப் பார்த்து அஞ்சு விநாடி காத்திருங்கள். ஒரு சத்தம் வந்தாலும் கொடுத்துவிடுங்கள். ‘பூ’ என்றால் ‘ஆமா, மல்லிப்பூ’ என்று ஒரு சொல் கூட்டுங்கள். வீட்டுத் தமிழே போதும், இங்கிலீஷ் ரைம்ஸ் காத்திருக்கும்.

எங்கே போவது? 2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கே வரும். அவர்களிடம் சொல்லலாம். அல்லது திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ‘டி.இ.ஐ.சி. எங்கே?’ என்று கேளுங்கள். இவை இலவசம்.

வேடசந்தூரிலிருந்து பஸ் ஏறி வரும் மில் வேலை அம்மாவுக்கு, ஒவ்வொரு முறை வருவதும் ஒரு நாள் சம்பளம். அதனால், ‘வீட்ல நாங்க என்ன செய்யணும்?’ என்று தெரபிஸ்ட்டிடம் கேட்காமல் கிளம்பாதீர்கள். பகலெல்லாம் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது அப்பத்தா என்றால், அவரையும் ஒரு தடவை கூட்டிட்டுப் போங்க.