உஷார்! கடற்கரையில் கிடக்கிற பழத்தைக் கடிச்சிடாதீங்க!

கரீபியன் தீவுல, கடலைப் பார்த்த ரூம், அதுவும் சல்லிசான வாடகைக்குக் கிடைச்சிருக்குன்னு பெட்டியை எடுத்துட்டீங்களா? ஒரு நிமிஷம். இதைப் படிச்சுட்டுக் கிளம்புங்க.

1999. இங்கிலாந்துல இருந்து ஒரு பெண் டாக்டர், தோழியோட டொபேகோ தீவுக்கு லீவுக்குப் போனாங்க. வெள்ளை மணல். தேங்காய், மாங்காய்க்கு நடுவுல பச்சையா, உருண்டையா, குட்டி ஆப்பிள் மாதிரி ஒரு பழம். எடுத்து ஒரு கடி. இனிச்சுது! தோழிக்கும் குடுத்தாங்க.

கொஞ்ச நேரத்துல மிளகைக் கடிச்ச மாதிரி காரம். அப்புறம் எரிச்சல். அப்புறம் தொண்டையைக் கிழிக்கிற வலி. ரெண்டு மணி நேரத்துல சோறு இறங்காத அளவுக்குத் தொண்டை அடைச்சுக்கிச்சு. அடுத்த எட்டு மணி நேரத்துலதான் மெல்ல மெல்ல அடங்கிச்சு. படிச்ச டாக்டருக்கே இந்தக் கதி!

அந்த மரத்துக்குப் பேரு மேன்சினீல். ஸ்பானிஷ்காரங்க 'மரணத்தோட குட்டி ஆப்பிள்'னு சொல்றாங்க. நம்ம ஊர் கள்ளிக்குச் சொந்தக்கார மரம்தான். கள்ளிப்பால் கண்ணுல பட்டா என்ன ஆகும்னு பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீங்களே? இதுவும் பால் வடியற மரம்.

பழத்தைத் தொடாம இருந்தா போதும்னு நினைக்காதீங்க. மழை வந்தா நாம என்ன செய்வோம்? ஓடிப்போய் மரத்தடியில ஒதுங்குவோம். இதுக்கடியில மட்டும் ஒதுங்கவே கூடாது. இலையில இருந்து சொட்டற தண்ணி பட்டாலே தோல் கொப்புளிக்கும். காஞ்ச சுள்ளியைப் பொறுக்கித் தீ மூட்டினா, புகை கண்ணைப் பதம் பார்த்துடும். பல இடங்கள்ல தண்டுல சிவப்புப் பட்டை அடிச்சு வச்சிருப்பாங்க. சின்ன கெஸ்ட் ஹவுஸ் வாசல்ல நிக்கிற மரத்துல அந்தப் பட்டை இல்லாமலும் போகலாம். போய் இறங்கினதும் ஓனர்கிட்ட கேளுங்க. வெக்கப்படாதீங்க.

ரூம்ல அழுகின முட்டை நாத்தமா? சாக்கடை இல்லீங்க. சர்காசம்ங்கற கடல்பாசி. 2011-லிருந்து இந்தத் தீவுகள்ல குவியல் குவியலா ஒதுங்குது. அழுகும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கிளம்பும். கால்ல போட்டிருக்கிற வெள்ளிக் கொலுசே கறுத்துப்போகும். நெஞ்சுக்குள்ள போனா சும்மா விடுமா? தலைவலி, குமட்டல். வீசிங் இருக்கிறவங்க அங்க தங்கவே வேணாம். புக் பண்றதுக்கு முன்னாடி இந்த வாரம் எடுத்த போட்டோ கேளுங்க. அனுப்ப இழுத்தடிச்சா, புரிஞ்சுக்குங்க.

வாடகை ஏன் பாதியா இருக்கு? காலண்டரைப் பாருங்க. ஜூன் 1-லிருந்து நவம்பர் 30 வரை புயல் சீசன். 2024-ல டி20 உலகக் கோப்பை ஜெயிச்ச நம்ம டீமே, பெரில் புயலால பார்படாஸ் ஹோட்டல்ல முடங்கிக் கிடந்தது. ஏர்போர்ட்டையே மூடிட்டாங்க. அவங்களைக் கூட்டிட்டு வர தனி விமானம் போச்சு. உங்களுக்கு யாருங்க அனுப்புவா? அதே புயல் ஜூலை 1 அன்னைக்கு கிரெனடாவோட கேரியக்கூ தீவுல ஏறினப்போ, கூரையெல்லாம் பிய்ச்சுக்கிட்டுப் போச்சு. மேல தகரமா கான்கிரீட்டான்னு கேட்டுக்குங்க. கேன்சல் பண்ணினா பணம் திரும்புமான்னும் கேட்டுக்குங்க.

இன்னொண்ணு, சிரிக்காதீங்க. பையனுக்கு மிலிட்டரி டிசைன் டிரவுசர் எடுத்து வச்சிருந்தா, இப்பவே பெட்டியில இருந்து எடுத்துடுங்க. பார்படாஸ்ல குழந்தைங்ககூட அதைப் போடக்கூடாது. சட்டம்!