மலைமுகட்டு ஏரியல்களைப் புதுக்குதல்

கவ்வாத்துக் கத்தியைத் தீட்டியும் கொழுந்துக் கூடையை முடைந்தும் பழையதைப் பேணுதல் மலையக மக்களின் வழக்கம். அவ்வழக்கம் வானொலிக் கருவிக்கும் பொருந்துமாற்றை ஈண்டு ஆராய்வோம்.

ஹற்றன், நுவரெலியாப் பகுதிகளின் லயன் கூரைகளில் மீன்முள் வடிவான ஏரியல்களைக் காணாதார் இலர். 1982ஆம் ஆண்டில் ரூபவாஹினி தொலைக்காட்சி தொடங்கியபின் அவை பெருகின. அவற்றின் இனத்தைச் சேர்ந்ததே, 27 மெகாஹேட்ஸில் இயங்கும் சிற்றெல்லை வானொலிக்குரிய பெரிய திசை ஏரியலும். இவ்வமைப்பை 1926ஆம் ஆண்டளவில் யப்பானில் யாகி, உடா என்னும் அறிஞர் இருவர் வெளிப்படுத்தினர். விளக்கின் பின் வைத்த கண்ணாடி ஒளியை ஒருபுறம் திருப்புமாறு போல, பின்னுள்ள நீண்ட கோல் அலையை மீட்டனுப்பும். முன்னுள்ள குறுங்கோல் அதனை முன்னோக்கி ஈர்க்கும். நடுக்கோலே வானொலியோடு இணைவது.

கோலின் நீளமே இதன் உயிர்நாடி. 300ஐ மெகாஹேட்ஸ் எண்ணால் வகுக்க, அலைநீளம் மீற்றரில் வரும். 27க்கு அது ஏறத்தாழ 11.1. அதிற் பாதியினின்று நூற்றுக்கு ஐந்து குறைப்பின், நடுக்கோல் ஏறத்தாழ 5¼ மீற்றராகும். 28.5 மெகாஹேட்ஸில் இயங்கும் அமெச்சூர் வானொலிக்கு அது 5 மீற்றராகக் குறையும். ஆதலின், பழைய ஏரியலைச் சிறிது குறுக்கி அதற்கும் பயன்படுத்தலாம். ஒரேயடியாக வெட்டாது, நிலையலை விகிதமானியால் அளந்து அளந்து குறைத்தலே அறிவுடைமை.

இனி, வலுப்படுத்தும் முறை. காற்றின் வேகம் இரட்டிப்பின் அதன் விசை நான்கு மடங்காகும். மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்றே மேற்குச் சரிவிலுள்ள ஏரியல்களின் பெரும் பகை. கோலின் நடுப்பகுதியிற் பருத்த அலுமினியக் குழாயையும் நுனிநோக்கிச் சிறுத்தவற்றையும் ஒன்றனுள் ஒன்றாகச் செருகுதல் வேண்டும். குழாயினுள் நைலோன் கயிறொன்றை இடின் அதிர்வு தணியும். தொங்கும் குறுக்குத்தண்டை, கம்பத்தின் உச்சியினின்று மின்கடத்தாக் கயிற்றால் தாங்குவித்தல் நன்று.

மற்றொரு பகை மூடுபனி. ஈரத்தில் இரும்பாணியும் அலுமினியமும் தொடுமிடத்தில் அலுமினியம் அரிக்கப்படும். அவ்வாணிகளை அகற்றித் துருப்பிடிக்காத உருக்காணிகளை இடுக. மூட்டுகளை உப்புத்தாள் கொண்டு பளபளக்கத் தேய்த்துப் பூட்டுக. கம்பிவடம் சேருமிடத்தில் நீர் புகாவாறு சுற்றுக.

கம்பத்தை மூன்று திசைகளிலும் கம்பியால் இழுத்துக் கட்டுதல் இன்றியமையாதது. ஏனெனில், அதன் அடியில் உறங்குவோர் மெல்லிய தகரக் கூரையின்கீழ் உறங்குகின்றனர். விழுங்கால் மின்கம்பியைத் தொடாத தொலைவிலேயே அதனை நடுக. ஓரங்குலம் தவறின் உயிர் போகும். ஏப்ரிலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இடி மிகும் ஆதலின் கம்பத்தைத் தடித்த கம்பியால் நிலத்தோடு இணைத்தலும், இடி முழங்குமுன் வடத்தைக் கழற்றிவிடுதலும் வேண்டும்.

இத்துணை முயற்சி எற்றுக்கு எனின், 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின்போது தொலைபேசி செயலற்ற இடங்களில் அமெச்சூர் வானொலியாளரே இலங்கையிற் செய்தி கொண்டுசென்றனர். மண்சரிவு பாதையையும் கம்பியையும் ஒருங்கே அறுக்கும் மலைநாட்டிற்கு அத்தகைய துணை இன்னும் வேண்டப்படுவதே. தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் உரிமம் பெற்றே அலை அனுப்புதல் தகும். மழைக்கு முன் வேய்ந்த கூரையே மழையிற் காக்கும். காற்றுக்கு முன் திருத்திய ஏரியலும் அத்தன்மையதே.