நிறுத்துங் காலம் அறிதல்

ஒரு செயலைத் தொடங்குதற்குரிய காலத்தை ஆராய்வோர் பலர். நிறுத்துதற்குரிய காலத்தை ஆராய்வோர் சிலர். வித்து இடுதற்கும், வீட்டுக்கு அடிக்கல் நாட்டுதற்கும், ஏடு தொடக்குதற்கும் நாளும் நேரமும் பார்க்கும் வழக்கம் தமிழரிடையே தொன்றுதொட்டு உண்டு. தொடங்கிய செயலை எவ்வேளையில் முடித்துக்கொள்ளல் வேண்டும் என்பதற்கோ பஞ்சாங்கம் இல்லை. அதனை அறிவே காட்டுதல் வேண்டும். திருவள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களை 48, 49, 50 என அடுத்தடுத்து வைத்தார். பகைமேற் செல்லும் அரசனுக்கு வேண்டிய அறிவாக இவற்றைக் கொள்ளுதல் மரபு. செல்லுதற்கு வேண்டிய இம் மூவகை அறிவும் நிற்றற்கும் வேண்டப்படும் என்பதை விளக்க விளையாட்டைப் போல ஏற்ற களம் பிறிதில்லை. ஆங்குக் காலம் வரையறைப்பட்டது. பயன் எண்ணால் அளக்கப்படுவது. முடிவின் விளைவு அன்று மாலையே தெரிந்துவிடுவது.

விளையாட்டுக்களுள்ளும் இவ்வறிவை வெளிப்படையாக வேண்டி நிற்பது பலநாட் கிரிக்கெற் ஆட்டமாகும். யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு இஃது அயலானதன்று. சென் ஜோன்ஸ் கல்லூரியும் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பொருதும் 'வடக்கின் பெருஞ்சமர்' 1904ஆம் ஆண்டிலே தொடங்கியது. சென் பற்றிக்ஸ் கல்லூரியும், சண்டிலிப்பாய்க்கு அண்மையிலுள்ள வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியும் பொருதுவது 'பொன் அணிகளின் போர்' எனப்படும். இத்தகைய ஆட்டங்களில் எதிரணியைவிட மிகுதியான ஓட்டங்களைப் பெறுதல் மாத்திரம் வெற்றி ஆகாது. குறித்த காலத்துள் எதிரணியின் பத்து விக்கெற்றுகளையும் வீழ்த்துதல் வேண்டும். காலம் போதாதெனின், எத்துணை ஓட்டங்கள் குவித்திருப்பினும் ஆட்டம் வெற்றி தோல்வியின்றியே முடியும். ஆகவே, விக்கெற்றுகள் கையில் இருக்கும்போதே தன் அணியின் துடுப்பாட்டத்தைத் தானே முடித்துக்கொள்ளும் உரிமை தலைவனுக்கு அளிக்கப்பட்டுள்ளது. இதனையே ஆட்டத்தை இடைநிறுத்துதல் என்பர். 'டிக்ளேர்' செய்தல் என்பது பேச்சு வழக்கு.

இவ்வுரிமை தொடக்கத்தில் இருந்ததன்று. 1889ஆம் ஆண்டிலேதான் விதியில் இடம்பெற்றது; அப்போதும் ஆட்டத்தின் இறுதி நாளில் மட்டுமே செல்லுபடியாயிற்று. அதற்கு முன்னர், இனி ஆடவேண்டா எனக் கருதிய அணியினர் வேண்டுமென்றே ஆட்டமிழந்து வெளியேறுதலும் உண்டு. இக்காலத்தில் எந்நாளிலும் எவ்வேளையிலும் இடைநிறுத்தலாம். ஆயின் ஒரு நிபந்தனை: எதிரணித் தலைவனுக்கும் நடுவர்களுக்கும் அறிவித்துவிட்ட பின்னர் அம்முடிவை மாற்றுதல் இயலாது. மீள முடியாமையே இம்முடிவைக் கடினமாக்குகின்றது.

இனி, முடிவு எவ்வாறு ஆராயப்படும் என்பதைக் காண்போர்க்கு வள்ளுவர் வகுத்த மூன்றும் முறையே பயன்படும். வலி என்பது தன் பந்துவீச்சாளரின் ஆற்றலும் எதிரணித் துடுப்பாட்டக்காரரின் ஆற்றலும் ஆம். இடன் என்பது ஆடுகளத்தின் இயல்பு. வெடித்துத் தேய்ந்த களம் இறுதி நாளிற் சுழற்பந்துக்குத் துணைநிற்கும். இறுகிச் சமனான களமோ ஐந்தாம் நாளிலும் பந்துவீச்சாளனுக்கு இரங்காது. காலம் என்பது எஞ்சிய ஓவர்களின் தொகை. இம் மூன்றனுள் காலம் ஒன்றே ஐயமின்றி எண்ணத்தக்கது. ஏனைய இரண்டும் அனுபவத்தால் மதிக்கப்படுவன.

ஓர் எடுத்துக்காட்டால் இது தெளிவாகும். ஓர் அணி தன் இரண்டாம் இன்னிங்ஸில் ஆடி, எதிரணியைவிட 220 ஓட்டங்கள் முன்னிற்பதாகக் கொள்க. இறுதி நாளில் எஞ்சியவை 62 ஓவர்கள். இன்னிங்ஸ் மாறும் இடைவேளையில் இரண்டு ஓவர்கள் கழிந்துபோம். உடனே இடைநிறுத்தினால் எதிரணி 60 ஓவர்களில் 221 ஓட்டங்கள் பெறல் வேண்டும். அஃது ஓவருக்கு ஏறத்தாழ 3.7 ஆகும். மேலும் பத்து ஓவர்கள் ஆடி, ஓவருக்கு நான்காக நாற்பது ஓட்டங்களைச் சேர்த்து நிறுத்தினால், 50 ஓவர்களில் 261 ஓட்டங்கள் வேண்டும். அஃது ஓவருக்கு 5.2. இருபது ஓவர்கள் ஆடி நிறுத்தினாலோ 40 ஓவர்களில் 301 ஓட்டங்கள் வேண்டும். அஃது ஓவருக்கு 7.5. ஓட்டத்தை மட்டும் நோக்குவோன் மூன்றாவதையே சிறந்ததெனக் கொள்வான். அதில் தோல்வியச்சம் இல்லை.

ஆயின் கணக்கின் மறுபக்கமும் உண்டு. இவ்வணியின் பந்துவீச்சாளர் ஐந்து ஓவருக்கு ஒரு விக்கெற் வீழ்த்தும் வலியினர் எனின், 60 ஓவர்களில் பன்னிரண்டும், 50 ஓவர்களிற் பத்தும், 40 ஓவர்களில் எட்டும் வீழ்த்தும் வாய்ப்பே அவர்க்கு உண்டு. மூன்றாவது வழியில் தோல்வி நீங்கியது. வெற்றியும் உடன் நீங்கியது. முதலாவது வழியில் வெற்றிக்கு வேண்டிய காலம் மிகுதியாக இருப்பினும், இலக்கு எளிதாகையால் தோல்வியும் அருகே நிற்கின்றது. இடைவழியே இரண்டையும் நிறுத்துப் பார்த்த வழி. மேலும் ஆடப்படும் ஒவ்வோர் ஓவருக்கும் இருவகை விலை உண்டு என்பதே இதனாற் பெறப்படும் உண்மை. அவ்வோவர் சில ஓட்டங்களைத் தருகின்றது; வீழ்த்துதற்குரிய ஆறு பந்துகளைக் கவர்ந்தும் செல்கின்றது. தருவதினும் கவர்வது பெரிதாகும் கணமே நிறுத்துதற்குரிய கணம். வரவு முற்றாக நின்றுபோகும் வரை காத்திருப்பவன் அக்கணத்தைக் கடந்தவனாவான்.

இதனுடன் சேர்த்து எண்ணத்தக்க நுட்பம் ஒன்று உளது. எட்ட முடியாத இலக்கைக் கண்ட எதிரணி வெற்றியை மறந்து விக்கெற்றைக் காப்பதிலேயே கருத்தூன்றும். அத்தகையாரை வீழ்த்துதல் அரிது. எட்டலாம் போலத் தோன்றும் இலக்கோ அவர்களை அடித்தாடத் தூண்டும், அடித்தாடுவோன் பிழைவிடுவான். ஆதலின் எதிரிக்குச் சிறிது நம்பிக்கையை விட்டுவைத்தலும் தலைவனது உபாயங்களுள் ஒன்றாகும்.

சர்வதேச ஐந்துநாட் போட்டிகளாகிய ரெஸ்ற் போட்டிகளிலிருந்து சில சான்றுகளைக் காட்டலாம். 1997ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்திற் கொழும்பு பிரேமதாச மைதானத்தில் இந்திய அணி முதலில் ஆடி எட்டு விக்கெற் இழப்புக்கு 537 ஓட்டங்கள் பெற்று இடைநிறுத்தியது. இலங்கை அணி ஆறு விக்கெற் இழப்புக்கு 952 ஓட்டங்கள் குவித்து இடைநிறுத்தியது. சனத் ஜயசூரிய 340 ஓட்டங்களும் றொஷான் மகாநாம 225 ஓட்டங்களும் பெற்றனர். ரெஸ்ற் வரலாற்றில் ஓரணி ஓர் இன்னிங்ஸிற் பெற்ற மிகப் பெரிய தொகை இன்றும் அதுவே. ஆயினும் ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. இந்திய அணி பெற்ற பெருந்தொகையைக் கடந்து முன்னேறுவதிலேயே காலம் கழிந்தது. களமும் பந்துவீச்சுக்கு இடந்தரவில்லை. சாதனை ஏட்டில் நின்றது. வெற்றி கையில் வந்திலது.

2006ஆம் ஆண்டு யூலை மாதத்தில், அதே நகரில், சிங்கள விளையாட்டுக் கழக மைதானத்தில் நிகழ்ந்தது வேறு. தென்னாபிரிக்க அணி முதலில் ஆடி 169 ஓட்டங்களுக்குச் சுருண்டது. இலங்கையின் குமார் சங்கக்கார 287 ஓட்டங்களும் தலைவர் மஹேல ஜயவர்தன 374 ஓட்டங்களும் பெற்றனர். இருவரும் இணைந்து சேர்த்தவை 624. ஜயவர்தன ஆட்டமிழந்ததும் 756 ஓட்டங்களோடு ஆட்டம் இடைநிறுத்தப்பட்டது. அப்போது மூன்றாம் நாளே நடந்துகொண்டிருந்தது. தென்னாபிரிக்கர் இரண்டாம் இன்னிங்ஸில் 434 ஓட்டங்கள் வரை எதிர்த்து நின்று, ஐந்தாம் நாளிலேயே வீழ்ந்தனர். முத்தையா முரளிதரன் அப்போட்டியிற் பத்து விக்கெற்றுகளைக் கைப்பற்றினார். இலங்கை ஓர் இன்னிங்ஸாலும் 153 ஓட்டங்களாலும் வென்றது. எதிரணி அத்துணை நீண்டநேரம் நின்றமையை நோக்குமிடத்து, நிறுத்தியபின் எஞ்சியிருந்த காலம் வீண்காலம் அன்று என்பது விளங்கும்.

இனி, விரைந்து நிறுத்தித் தோற்றவர் கதையும் உண்டு. 1968ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் திரினிடாட்டின் போட் ஒப் ஸ்பெயின் நகரில் மேற்கிந்திய அணித் தலைவர் கார்பீல்ட் சோபர்ஸ் இரண்டு விக்கெற்றுகளை மட்டும் இழந்து 92 ஓட்டங்களோடு நிறுத்தினார். இங்கிலாந்துக்கு 165 நிமிடங்களில் 215 ஓட்டங்கள் இலக்காயின. முதல் இன்னிங்ஸில் பசில் பூச்சரின் பந்துவீச்சுக்கு இங்கிலாந்தினர் நிலைகுலைந்திருந்தனர். அதுவே மீண்டும் நிகழும் எனச் சோபர்ஸ் நம்பினார். நிகழ்ந்தது மாறானது. பொய்கொட்டும் கௌட்றேயும் நின்றாட, இங்கிலாந்து ஏழு விக்கெற்றுகளால் வென்றது. அத்தொடரின் ஏனைய நான்கு போட்டிகளும் வெற்றி தோல்வியின்றி முடிந்தமையால் தொடரும் இங்கிலாந்துக்கே உரியதாயிற்று. வேகப்பந்து வீச்சாளர் கிறிபித் காயமுற்றுப் பந்துவீச இயலாதிருந்தார் என்பதை இவ்விடத்தில் மறத்தலாகாது. காலத்தைக் கணித்த சோபர்ஸ் தம் வலியைக் கணித்ததிற் குறைவுபட்டார் எனலாம்.

ஆயின் தோற்றவர் யாவரும் பிழைபட முடிவெடுத்தவர் என்று கொள்ளுதல் பொருந்தாது. 2008ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திற் சென்னைச் சேப்பாக்கத்தில் இங்கிலாந்து அணி ஒன்பது விக்கெற் இழப்புக்கு 311 ஓட்டங்களோடு நிறுத்தி, இந்தியாவுக்கு 387 ஓட்டங்களை இலக்காக வைத்தது. தேய்ந்த களத்தில் நான்காம் இன்னிங்ஸில் எட்டுதற்கு அரிய தொகை அது. எனினும் சேவாக் 68 பந்துகளில் 83 ஓட்டங்கள் விளாசி வழிதிறக்க, சச்சின் ரெண்டுல்கர் ஆட்டமிழக்காது 103 ஓட்டங்கள் பெற்று வெற்றியை ஈட்டிக்கொடுத்தார். விளைவை அறிந்தபின் முடிவைக் குறைகூறல் எளிது. முடிவெடுத்த வேளையில் அறியத்தக்கன யாவை, அவற்றை அவன் எண்ணினானா என்பனவே ஆராயத்தக்கன. நன்றாக எண்ணியவனும் தோற்றல் உண்டு. எண்ணாதவனும் வெல்லுதல் உண்டு. மாணவர்க்கு இவ்வேறுபாடு புலனாதல் நன்று.

கிரிக்கெற்றுக்கு மாத்திரம் உரிய அறிவு இதுவெனக் கருதற்க. சடுகுடு ஆட்டத்தில் மூச்சடக்கிப் பாடிச் செல்வோன் எதிர்ப்புறத்தாரைத் தொட்டபின் நடுக்கோட்டுக்கு மீண்டாலன்றித் தொட்டதன் பயன் இல்லை. முன்னாளில் அவனது மூச்சே அவனுக்குக் காலவெல்லை. இக்காலக் கபடியில் 30 விநாடி எல்லை. ஒருவனைத் தொட்டதுடன் மீள்வதா, இன்னொருவனையும் தொட முயல்வதா என்பதை ஓடும் காலே தீர்மானித்தல் வேண்டும். இக்கால இளைஞரின் கைப்பேசி விளையாட்டுக்களிலும் இதே அமைப்பு உண்டு. 'பப்ஜி' விளையாட்டின் 'மெற்றோ றோயல்' பிரிவில், குறித்த நேரத்துள் பொருள்களைத் திரட்டி வெளியேறும் இடத்தை அடைதல் வேண்டும். இடையில் வீழ்த்தப்பட்டால் திரட்டியது போய்விடும். கையிற் பொருள் பெருகப் பெருக இழப்பும் பெருகும்.

இத்தகைய நிலைக்கு ஒரு பகடையாட்டம் தெளிவான கணக்கைத் தருகின்றது. ஒரு பகடையை வேண்டியவரை உருட்டலாம். 2 முதல் 6 வரை விழுந்தால் அவ்வெண் சேரும். 1 விழுந்தால் அம்முறையிற் சேர்ந்தவை யாவும் அழியும். விரும்பியபோது நிறுத்திச் சேர்ந்ததைத் தன்பேரில் எழுதிக்கொள்ளலாம். ஆறு முகங்களும் ஒவ்வொரு முறை விழுவதாகக் கொண்டால், ஐந்து முகங்களால் வருவது 2, 3, 4, 5, 6 என்பவற்றின் கூட்டுத்தொகையாகிய 20. ஒரு முகத்தாற் போவது கையிலுள்ளது முழுவதும். ஆகவே கையிலுள்ளது 20க்குக் குறைவாயின் உருட்டுதல் தகும். 20ஐ எட்டியதும் நிறுத்துதல் தகும். ஆசை இக்கணக்கை ஒப்புவதில்லை. எனினும் கணக்கு மாறுவதில்லை. எதிரி வெற்றியை நெருங்கியபோது மாத்திரம் இவ்வெல்லையைக் கடத்தல் வேண்டிவரும்.

கைப்பேசி விளையாட்டிற்கும் கிரிக்கெற்றுக்கும் இடையே பெரியதொரு வேற்றுமையும் உளது. தலைவன் இடைநிறுத்தாவிடினும் பொழுது சாய்ந்ததும் ஆட்டம் நிற்கும். கைப்பேசிக்கோ பொழுது சாய்வதில்லை. ஒரு பணி முடிந்ததும் மறுபணி. இன்றைய பரிசு முடிந்ததும் நாளைய பரிசு. பணியினுள்ளே நிறுத்துங் கணத்தை நுட்பமாக அறிந்த இளைஞனும் விளையாட்டையே நிறுத்துங் கணத்தை அறியாதிருத்தல் கூடும். சீன அரசு 2021ஆம் ஆண்டில், பதினெட்டு வயதுக்கு உட்பட்டோர் வெள்ளி, சனி, ஞாயிறு நாட்களிலும் பொது விடுமுறைகளிலும் இரவு 8 மணி முதல் 9 மணி வரை மட்டுமே இணையவழி விளையாட்டில் ஈடுபடலாம் என விதித்தது. சட்டம் அங்கே சூரியனுக்குப் பதிலாக நின்றது. சட்டம் இல்லாத இடத்தில் ஆடுவோனே தலைவனாகவும் நடுவனாகவும் நிற்றல் வேண்டும்.

ஊர்ப்புறத்து மென்பந்து ஆட்டங்கள் யாவும் ஓவர் அளவுக்கு உட்பட்டவை. அங்கே ஓவர்கள் முடிந்ததும் ஆட்டம் தானே முடியும். நிறுத்தும் பொறுப்பு எவர்க்கும் இல்லை. கைப்பேசியிலோ நிறுத்தும் பொறுப்பு முழுவதும் ஆடுவோனுக்கே உரியது. அதற்கு அவனைப் பயிற்றுவோர் அரியர். இவ்விரண்டுக்கும் இடையில் வளரும் மாணவனுக்குப் பலநாட் கிரிக்கெற் ஒரு பாடசாலையாகும். பரீட்சை மண்டபத்தில் ஒரு வினாவுக்கே இன்னும் இரண்டு பக்கம் எழுதுவதா, அடுத்த வினாவுக்குச் செல்வதா என்று தயங்கும் மாணவனும் இடைநிறுத்தும் தலைவனே. அவ்வினா மேலும் தரும் புள்ளியையும், தொடாத வினாவில் இழக்கும் புள்ளியையும் நிறுத்துப் பார்க்கும் பழக்கம் அவனுக்கு மைதானத்திலேயே வருதல் கூடும். தொடங்குதற்கு ஊக்கம் போதும். நிறுத்துதற்கு வலியும் காலமும் இடனும் அறிந்த தெளிவு வேண்டும். அத்தெளிவும் கல்வியின் பயன்களுள் ஒன்றென்க.