சுரண்டிப் பார்க்காமல் மருந்து வேண்டாம்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் நாய் வளர்க்கும் வீடுகளில் ஒரே தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. குட்டிக்குக் கண்ணோரத்தில் முடி கொட்டும். முதலில் வேப்பெண்ணெய். பிறகு மெக்கானிக் கடையிலிருந்து கழிவு ஆயில். உடம்பெல்லாம் சீழ் வைத்த பிறகுதான் கால்நடை மருத்துவமனை. கழிவு ஆயிலைத் தடவவே தடவாதீர்கள். நாய் அதை நக்கும், தோல் வழியாகவும் உள்ளே இறங்கும். அது மருந்தல்ல, விஷம்.

ராஜபாளையம் நாயை எடுத்துக்கொள்ளுங்கள். குட்டையான வெள்ளை முடி, அடியில் இளஞ்சிவப்புத் தோல். சிறு சிவப்புத் திட்டும் முதல் வாரத்திலேயே கண்ணில் படும். அப்படியிருந்தும் தாமதமாக வருவது அலட்சியம்தான்.

சொறி என்று பொதுவாகச் சொல்வதற்குள் பல நோய்கள் உண்டு. காது விளிம்பு, முழங்கை, பின்னங்கால் மூட்டு ஆகிய இடங்களில் இரவு பகலாக அரித்தால் சார்காப்டஸ் உண்ணிப்பூச்சியாக இருக்கலாம். அது தொற்றும், வளர்ப்பவர் கையிலும் அரிப்பு கிளம்பும். கண், வாய் ஓரம், முன்னங்காலில் அதிக அரிப்பில்லாமல் முடி கொட்டினால் டெமோடெக்ஸ் என்ற இன்னொரு உண்ணி என்று சந்தேகிக்கலாம். பிறந்த சில நாட்களில், பால் குடிக்கும்போது தாயிடமிருந்து வருவது அது. மனிதருக்குத் தொற்றாது. வட்டமாகச் செதில் உதிர்ந்தால் படர்தாமரையாக இருக்கலாம். அது குழந்தைகளுக்கும் ஒட்டும். வால் அடியில் மட்டும் கடித்துக்கொண்டால் தெள்ளுப்பூச்சி ஒவ்வாமையாக இருக்கலாம். இவை எல்லாமே சந்தேகங்கள்தான். கண்ணால் பார்த்து முடிவுகட்ட யாராலும் முடியாது.

சார்காப்டஸ், டெமோடெக்ஸ் இரண்டையும் கண்டறிய உதவுவது தோல் சுரண்டல் பரிசோதனை. தோலைப் பிதுக்கி, லேசாக ரத்தம் கசியும்வரை பிளேடால் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். சில நிமிட வேலை. டெமோடெக்ஸ் ஆழத்தில் இருப்பதால் மேலோட்டமாகச் சுரண்டினால் தப்பிவிடும். சார்காப்டஸ் ஒரே இடத்தில் சிக்காது, பல இடங்களில் எடுக்க வேண்டும். கூட்டம் அதிகம் என்று நாயைச் சோதிக்காமலே ஊசி போட்டு அனுப்பும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். அங்கே கூச்சப்படாமல், "சுரண்டிப் பாருங்க சார், முடிவைச் சீட்டுல எழுதிக் கொடுங்க" என்று கேளுங்கள். அங்கே பரிசோதனை வசதி இல்லை என்றால் திருநெல்வேலி ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. போகும் முன் குளிப்பாட்டாதீர்கள், எண்ணெய் தடவாதீர்கள்.

அரிப்பை அடக்க ஸ்டீராய்டு கொடுத்தால் டெமோடெக்ஸ் உடம்பெங்கும் பரவும். மாட்டுக்கான ஐவர்மெக்டின் ஊசியைக் கடையில் வாங்கி உத்தேச அளவில் போட்டால் நாய் தள்ளாடி, வலிப்பு வந்து சாகலாம். மறுபடியும் சொல்கிறேன்: எடை பார்த்து மருத்துவர் எழுதாத எந்த ஊசியும் வேண்டாம்.

குட்டி வாங்கியவுடன் நோய் தெரிந்தால் அந்தப் பரிசோதனைச் சீட்டுதான் ஆதாரம். 2017-ம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. பதிவெண், தடுப்பூசி அட்டை, கையெழுத்திட்ட ரசீது மூன்றையும் பணம் கொடுக்கும் முன் கேளுங்கள். வாய்ப்பேச்சை நம்பி வாங்கியவர்கள்தான் பிறகு புலம்புகிறார்கள். உடம்பெங்கும் டெமோடெக்ஸ் பரவிய நாயை இனப்பெருக்கத்துக்கு விடக் கூடாது, குட்டிகளுக்கும் அந்தப் பலவீனம் போகும். அப்படிப்பட்ட நாயின் குட்டிகளைத் தெரிந்தே விற்பவர்களைச் சும்மா விடாதீர்கள்.

விற்றவர் கைவிரித்தால் முதலில் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமில்லை. வக்கீலும் கட்டாயமில்லை. 2 ஆண்டுகளுக்குள் போக வேண்டும். ரசீது, நோட்டீஸ் நகல், தேதியிட்ட படங்கள், பரிசோதனைச் சீட்டு, மருந்து பில் எல்லாவற்றையும் மனுவோடு இணையுங்கள். சீட்டில் நாயின் வயது, நிறம், அடையாளம், மருத்துவரின் பதிவெண் இருக்கிறதா என்று மருத்துவமனையிலேயே சரிபாருங்கள்.