தறியில் இருவர்

கோர்வைப் புடவை நெய்ய இருவர் வேண்டும். உடலுக்கு ஒரு நிறம், இருபுறக் கரைகளுக்கு வேறு நிறம் என்பதால் நாடா மூன்று; நெய்பவர் ஒருவரே சமாளிக்க முடியாது. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பல வீடுகளில் அந்த இரண்டாவது ஆள் மனைவிதான். இரவு சண்டை போட்டவர்கள் காலையில் ஒரே தறியில் உட்கார்ந்தாக வேண்டும். பேச்சு நின்றால் புடவையும் நிற்கும், கூலியும் நிற்கும்.

இப்படிப்பட்ட வீட்டில் ஒருவருக்குத் தூக்கம் போய், சோறு இறங்காமல், எதிலும் பிடிப்பற்றுப் போனால் அவரை மட்டும் தனியே பிரித்து வைத்துப் பார்ப்பது போதாது. அமெரிக்க மருத்துவர் ஜெரால்ட் கிளெர்மனும் மிர்னா வைஸ்மனும் சக ஆய்வாளர்களோடு உருவாக்கி, 1984-இல் நூலாக்கிய உறவுசார் உளச்சிகிச்சை சுற்றியிருப்பவர்களையும் சேர்த்தே பார்க்கிறது. மனச்சோர்வு ஒரு நோய், நோயாளியின் குற்றமல்ல என்று சிகிச்சை தருபவர்கள் முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். அவர் வாழ்வில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறார்கள். நெருங்கியவரின் சாவு, தகராறு, வாழ்க்கை நிலை மாறுவது, ஒட்ட ஆளில்லாத தனிமை ஆகிய நான்கில் எது இந்தச் சோர்வோடு பின்னிக் கிடக்கிறது என்று கண்டு, 12 முதல் 16 வாரம் அதையே பேசுகிறார்கள்.

காஞ்சிபுரத்துக்கு மூன்றாவதுதான் அதிகம் பொருந்தும் என்று நினைக்கிறேன். விசைத்தறிச் சேலையோடு போட்டிபோட முடியாமல் தறியை நிறுத்திவிட்டு, ஒரகடம் பக்கம் காவலாளி வேலைக்குப் போகும் 50 வயது நெசவாளரை எண்ணிப் பாருங்கள். போனது வருமானம் மட்டுமா? தெருவில் இருந்த மரியாதை, மகனுக்குச் சொல்லித்தர வைத்திருந்த கைவேலை எல்லாம் போயிற்று. நாம் "விடுப்பா, ஆனது ஆச்சு" என்று அவசரப்படுத்துவோம். இந்தச் சிகிச்சை அவரை அழ விடுகிறது. பழைய வேலையின் நல்லதோடு, தறிக்குழியில் கால் மரத்ததையும் முன்பணக் கடனையும்கூட நினைவுகூர வைக்கிறது. தகராறென்றால், நேற்று யார் என்ன சொன்னார், இவர் என்ன பதில் சொன்னார் என்று வார்த்தை வார்த்தையாகக் கேட்டு, விழுங்கியதைச் சொல்லப் பழக்குகிறது. அடி உதை நடக்கும் வீட்டில் இது போதாது. அங்கே பாதுகாப்புதான் முதலில். சோர்வு கடுமையாக இருந்தால் மருந்தும் தேவைப்படலாம்.

இந்தப் பேச்சுச் சிகிச்சைக்கு மனநல மருத்துவர்தான் வர வேண்டும் என்பதில்லை. 2003-இல் வெளியான உகாண்டா ஆய்வில், பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்களே கிராமங்களில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் குழுக்களை நடத்தினார்கள். மனச்சோர்வு பெரிதும் குறைந்தது. கோவாவில் விக்ரம் படேல் குழுவின் ஆய்விலும் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் இதைச் செய்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2016-இல் குழுமுறைக்குக் கையேடே வெளியிட்டது.

நம்மிடம் 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இருக்கிறது. அதில் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் பெண்களுக்கு இந்தப் பயிற்சியையும் கொடுங்கள் என்று அரசைக் கேட்கிறேன். நெசவாளர்கள் கேட்கும் கூலி உயர்வுக்கு இது மாற்றல்ல. அந்தக் கோரிக்கை அப்படியே நிற்கிறது. ஆனால் கூலி உயரும்வரை ஒரு வீடு பேசாமலே கிடக்க வேண்டியதில்லை. இன்றைக்கே யாரிடமாவது பேச வேண்டுமென்றால் மனநல உதவி எண்ணான 14416-க்கு அழைக்கலாம். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம், நடுராத்திரியிலும்.