தில்லிக் கோடையும் கூண்டுப் பறவையின் சருமமும்

தலைநகர் தில்லியில், செங்கோட்டைக்கு எதிரே, சாந்தினி சௌக் முனையில் உள்ள திகம்பர ஜைன லால் மந்திர் வளாகத்தில் பறவைகளுக்கென்றே ஒரு தர்ம மருத்துவமனை உண்டு. 1929ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற நிலையம் அது. மே, ஜூன் மாதங்களில் ‘லூ’ எனப்படும் அனற்காற்று வீசத் தொடங்கியதும், நீர்வற்றிச் சோர்ந்த பறவைகள் அங்கே கொண்டுவரப்படுகின்றன. அவை பெரும்பாலும் திறந்த வெளியில் வாழ்பவை. வீட்டுக் கூண்டில் உள்ள பறவையோ நிழலில் இருந்தபடியே வேறொரு தொல்லைக்கு ஆளாகின்றது. அதன் தோல் வறண்டு, செதிள் உதிர்ந்து, அரிப்புக் காண்கின்றது. வளர்ப்போர் அனற்காற்றின்மீது பழியைப் போட்டுத் தேங்காயெண்ணெயைத் தேடுகின்றனர்.

எண்ணெய் தடவுவது பெருந்தவறு. பறவையின் மேல்தோல், இறகு மூடிய பகுதிகளில், சில உயிரணு அடுக்குகளே கொண்டது. வியர்வைச் சுரப்பிகள் அதற்கு இல்லை. இறகின் நுண்கிளைகள் கொக்கியிட்டாற்போல ஒன்றோடொன்று பிணைந்திருப்பதால்தான் உள்ளே காற்றுத் தங்கி உடல் வெப்பம் சீராகக் காக்கப்படுகின்றது. வெளியிலிருந்து தடவும் எண்ணெயும் களிம்பும் அப்பிணைப்பைக் குலைத்து இறகுகளை ஒட்டவைக்கும். பறவை அலகால் கோதும்போது அவை வயிற்றுக்குள்ளும் செல்லும்.

இனி, காற்றின் குற்றம் எவ்வளவு? கோடைப் பிற்பகலில் தில்லிக் காற்றின் ஈரப்பதம் 20 சதவிகிதத்துக்கும் கீழே இறங்குவதுண்டு என்பது மெய்யே. ஆயினும், தமிழகத்தில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று பலரும் அழைக்கும் பட்ஜரிகர், ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் புல்வெளிகளுக்கு உரியது. ஜான் கூல்டு என்ற இயற்கை ஆய்வாளர் 1840இல் அதனை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். வறட்சியிலேயே வாழ்ந்து பழகிய இனம் வறண்ட காற்றால் மட்டும் நோயுறுகின்றது என்பது பொருந்தவில்லை. தன் நாட்டில் அது பலவகைப் புல்விதைகளை உண்டு, ஈரப் புல்லில் புரண்டு குளிக்கின்றது. நம் கூண்டில் அதற்குக் கிடைப்பது ஒரு கிண்ணம் தினை மட்டுமே.

ஆகவே முதலில் ஆராய வேண்டியது உணவுக் கிண்ணத்தை. தினை, சூரியகாந்தி விதை ஆகியவற்றில் வைட்டமின் ‘ஏ’ மிகக் குறைவு. அச்சத்துக் குறைந்தால் மென்மையான சவ்வுகளும் சுரப்பிகளும் கொம்புப்பொருள் படிந்து தடிக்கின்றன, தோல் சொரசொரப்பாகின்றது, மூக்குத் துளையில் பொருக்குக் கட்டுகின்றது, உள்ளங்கால் புண்ணாகின்றது. காரட், மஞ்சள் பூசணி, பசலை, முருங்கைக்கீரை ஆகியவற்றில் உள்ள கரோட்டினைப் பறவையின் உடல் வைட்டமினாக மாற்றிக்கொள்ளும். புதிய உணவைச் சிறிது சிறிதாகவே பழக்கவேண்டும். விதையை ஒரேயடியாக நிறுத்தினால் பட்டினி கிடந்து மடியும் பறவைகளும் உண்டு. வைட்டமின் சொட்டு மருந்தை அளவின்றிக் கலப்பதும் நஞ்சாகும்.

அலகிலும் அதன் அடியிலும் தேன்கூடு போன்ற நுண்துளைகளோடு சாம்பல்நிறப் பொருக்குக் காணப்படின், அது வறட்சியன்று. தோலுக்குள் துளையிட்டு வாழும் ஒருவகை உண்ணியின் வேலை. கோழிக்கால் சொறிக்கு மண்ணெண்ணெய் தடவும் பழைய வழக்கத்தை இங்கே கொண்டுவரலாகாது. ஐவர்மெக்டின் என்னும் மருந்தினால் இது குணமாகும். ஆனால் பட்ஜரிகரின் எடை சுமார் 30 முதல் 40 கிராமே. மாட்டுக்கென விற்கும் மருந்தைக் கண்ணளவில் கொடுத்தால் உயிரே போகும். கால்நடை மருத்துவர் எடைபோட்டு அளவு கூறுவதே முறை. அக்கூண்டிலுள்ள மற்றப் பறவைகளையும் அவரிடம் காட்டவேண்டும்.

மார்பிலும் சிறகடியிலும் இறகற்று, தலையில் மட்டும் இறகு நிறைந்திருந்தால், பறவை தானே பிடுங்குகின்றது என்று ஊகிக்கலாம். தன் தலை அதன் அலகுக்கு எட்டாதன்றோ! தனிமையும் சலிப்பும் இதற்குக் காரணமாகலாம், உடல்நோயும் ஆகலாம். இறகுதிர் காலத்தில் புது இறகின் உறை உடைந்து உதிரும் வெண்தூளை நோய் என்று அஞ்சவேண்டுவதில்லை.

பரிகாரம் எளியது. விரற்கடை ஆழத் தட்டில் சுத்தமான நீரை, சோப்பு எதுவும் கலவாமல், காலையில் வைத்தல் வேண்டும்; மாலைக்குள் உடல் உலர்ந்துவிடும். நனைத்த கொத்தமல்லிக் கட்டொன்றைக் கூண்டில் தொங்கவிட்டால், தட்டில் இறங்கத் தயங்கும் பட்ஜரிகரும் அதில் உடலைத் தேய்த்துக்கொள்ளும். கூலரின் நேர்க்காற்றும் புகையிலைப் புகையும் கூண்டின்மேல் படலாகாது.

பச்சைக்கிளி முதலிய நம் நாட்டுக் கிளிகளைக் கூண்டில் வைப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் குற்றமாதலின், மேற்கூறியவை அயல்நாட்டு இனங்களையே குறித்தன. பள்ளியில் இவற்றை வளர்க்கும் ஆசிரியர்கள், கூண்டைத் தொட்ட மாணவர் கை கழுவுவதைக் கண்டிப்பாக்க வேண்டும். கிளியினப் பறவைகளிடமிருந்து மனிதருக்கு நுரையீரல் நோய் தொற்றுவதுண்டு. மருத்துவரிடம் செல்லும்போது கூண்டின் அடித்தாளை மாற்றாமலே கொண்டுசெல்லுதல் நலம். பறவை எதை உண்டது, எதை ஒதுக்கியது, எச்சம் எத்தகையது என்பனவற்றை அவர் அதில் காண்பார்.