கிராம சபையில் நம் தெருவின் குரல்: தொண்டூர், செஞ்சி பகுதிக் குடும்பங்கள் அறிய வேண்டியவை

ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் நிற்கும் பத்து நிமிடத்தில் ஓர் ஊரின் எல்லாக் குறைகளும் பேசப்பட்டு விடுகின்றன. மையவாடிக்குப் போகும் பாதையில் மழைத்தண்ணீர் தேங்குகிறது. தெருவிளக்கு மூன்று மாதமாக எரியவில்லை. குழாயில் நாலு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வருகிறது. எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள், வருத்தப்படுகிறார்கள், கலைந்து போகிறார்கள். அடுத்த வாரமும் இதே பேச்சு.

பேசுவதில் நமக்குக் குறைவில்லை. ஆனால் அது பதிவாக வேண்டிய இடத்தில் பதிவாவதில்லை. விழுப்புரம் மாவட்டம் செஞ்சிக்கு அருகிலுள்ள தொண்டூரில் தமிழ் பிராமி எழுத்தில் ஒரு பழங்காலக் கல்வெட்டு இருக்கிறது. பக்கத்து ஊரான அகலூரின் பெயர் அதில் வருகிறது. பல நூற்றாண்டு கடந்தும் அந்த ஊர்ப்பெயரை இன்று நாம் படிக்க முடிகிறது என்றால், அன்று யாரோ அதை எழுதி வைத்ததால்தான். ஊர்க் காரியத்திலும் எழுத்தில் ஏறியதுதான் நிற்கிறது. அதற்குச் சட்டம் நமக்குத் தந்திருக்கும் இடம் கிராம சபை.

கிராம சபை என்றால் என்ன?

1992-இல் நிறைவேறி 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் கிராம சபைக்குச் சட்ட அங்கீகாரம் தந்தது. அதைத் தொடர்ந்து வந்தது 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். இதன்படி, ஓர் ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். யாரும் நம்மைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை, யாரும் அழைப்பிதழ் தர வேண்டியதுமில்லை. 18 வயது நிறைந்து பட்டியலில் பெயர் இருந்தால் போதும். முத்தவல்லிக்கும் உறுப்பினர் என்ற தகுதிதான், அவர் வீட்டுக்கு எதிரில் குடியிருக்கும் விதவைத் தாய்க்கும் அதே தகுதிதான்.

ஊராட்சி மன்றத் தலைவர் கூட்டத்தைக் கூட்டித் தலைமை ஏற்பார். அரசு சார்பில் ஓர் அலுவலர் 'பற்றாளர்' என்ற பெயரில் வந்து அமர்வார். ஊராட்சிச் செயலர் தீர்மானங்களை எழுதுவார். ஊராட்சியின் திட்டத்துக்கும் வரவு செலவுத் திட்டத்துக்கும் ஒப்புதல் தருவது, தணிக்கை அறிக்கையைப் பார்ப்பது, நடக்கும் வேலைகளின் முன்னேற்றத்தை ஆய்வது ஆகியவை சட்டப்படி இந்தச் சபையின் பொறுப்புகள். கேள்வி கேட்பது தலைவரிடம் சண்டைக்குப் போவது என்று சிலர் தயங்குகிறார்கள். கணக்கைக் கேட்க வேண்டும் என்பதற்காகவே இந்தச் சபை வைக்கப்பட்டிருக்கிறது.

ஆண்டுக்கு ஆறு நாட்கள்

முன்பு ஆண்டுக்கு நான்கு முறை நடந்த கிராம சபை, 2022 முதல் ஆறு முறையாக்கப்பட்டது. குடியரசு நாள் (ஜனவரி 26), உலகத் தண்ணீர் நாள் (மார்ச் 22), தொழிலாளர் நாள் (மே 1), சுதந்திர நாள் (ஆகஸ்ட் 15), காந்தி பிறந்த நாள் (அக்டோபர் 2), உள்ளாட்சி நாள் (நவம்பர் 1) ஆகியவையே அந்த ஆறு நாட்கள்.

2026-ஆம் ஆண்டின் நாட்காட்டியை எடுத்துப் பாருங்கள். மே 1, அக்டோபர் 2 இரண்டுமே வெள்ளிக்கிழமை. கூட்டம் பெரும்பாலும் காலை 11 மணியளவில் தொடங்குவது வழக்கம். பேச்சு சூடுபிடிக்கும் நேரத்தில் நம் ஆண்கள் ஜும்ஆவுக்கு எழுந்து போக வேண்டியிருக்கும். நம் தெருவின் பிரச்சினை வரும்போது கேட்க ஆளில்லாமல் போய்விடும். இதற்கு வழி எளிது. ஒரு வாரம் முன்பே தலைவரையும் செயலரையும் பார்த்து, நம் கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, கூட்டத் தொடக்கத்திலேயே எடுத்துக்கொள்ளக் கேட்கலாம். ஊர் நலனுக்காக மரியாதையோடு கேட்டால் மறுக்க மாட்டார்கள். பெண்கள் கூட்டம் முடியும்வரை இருந்தால் இன்னும் நல்லது.

எத்தனை பேர் வந்தால் கூட்டம் செல்லும்?

கிராம சபைக்குக் குறைவெண் உண்டு. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர், 10,000-க்கு மேல் 300 பேர் வர வேண்டும்.

இந்த எண்ணை வைத்து ஒரு கணக்குப் போடலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் முஸ்லிம்கள் ஏறத்தாழ 42 இலட்சம், அதாவது 6 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. பல கிராமங்களில் நாம் ஒன்றிரண்டு தெருக்கள்தான். 'நாம் கொஞ்சம் பேர், நம் பேச்சு எடுபடாது' என்ற எண்ணம் அதனால் வருகிறது. ஆனால் 2,500 பேர் உள்ள ஊராட்சியில் கூட்டம் செல்ல 100 பேர் போதும். இருபது வீடுகளிலிருந்து கணவனும் மனைவியும் வந்தாலே 40 பேர். தேர்தலில் சிறு எண்ணிக்கையாக இருப்பவர்கள், சபையில் தவறாமல் வந்து உட்காரும்போது சிறு எண்ணிக்கையாக இருப்பதில்லை. நம்மைப் போலவே சாலையும் தண்ணீரும் இல்லாமல் தவிக்கும் பக்கத்துத் தெரு மக்களோடு சேர்ந்து கேட்டால் அது ஊரின் கோரிக்கை ஆகிவிடும். தண்ணீருக்கும் சாக்கடைக்கும் சாதி மதம் கிடையாது.

எதை யாரிடம் கேட்பது?

மனுக்கள் பல கிடப்பில் போவதற்குக் காரணம், அவை தவறான கதவைத் தட்டுவதுதான். ஊராட்சிகள் சட்டத்தின் 110-ஆவது பிரிவு கிராம ஊராட்சியின் கட்டாயக் கடமைகளைச் சொல்கிறது. ஊராட்சிச் சாலைகள், தெருவிளக்கு, வடிகால், தெருத் துப்புரவு, பொதுக் கழிப்பிடம், குடிநீருக்கான கிணறு குளங்கள் அதில் அடங்கும். அடக்கத்தலங்களும் சுடுகாடுகளும் அதே பட்டியலில் இருக்கின்றன என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஜனாஸாவைச் சேற்றில் இறங்கித் தூக்கிச் செல்லும் நிலை இருந்தால், அந்தப் பாதையைச் சரிசெய்யக் கேட்பது சலுகை கேட்பதல்ல.

ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். மையவாடி வக்ஃப் சொத்தாகப் பதிவாகியிருந்தால், இடத்தின் நிர்வாகம் ஜமாஅத்திடமும் மாநில வக்ஃப் வாரியத்திடமும் இருக்கும். அது புறம்போக்கு நிலமாக இருந்தால், அளவீடும் ஆக்கிரமிப்பு நீக்கமும் வருவாய்த் துறையின் வேலை. கிராம நிர்வாக அலுவலர் வழியாகச் செஞ்சி வட்டாட்சியரிடம் போக வேண்டும். எனவே மனு எழுதுமுன் நிலத்தின் சர்வே எண்ணையும், அது எந்தப் பதிவேட்டில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

குடும்ப அட்டைக்கு வட்ட வழங்கல் அலுவலகம், சாய்ந்த மின்கம்பத்துக்கு மின்வாரியம், பெரிய சாலைக்கு நெடுஞ்சாலைத் துறை என்று கதவுகள் வேறு வேறு. இருந்தாலும் அந்தத் துறைகளை வலியுறுத்திக் கிராம சபை தீர்மானம் போடலாம். தனி ஆள் மனுவைவிட ஊரின் தீர்மானத்துக்கு எடை கூடுதல்.

பணம் இல்லை என்று சொன்னால்?

'நிதி இல்லை' என்பதுதான் வழக்கமான பதில். அப்போது எந்த நிதி, எவ்வளவு வந்தது, எதற்குப் போனது என்று கேட்கலாம். ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கைச் சபையில் வைத்துப் படிக்க வேண்டும். 2021 முதல் 2026 வரையிலான 15-ஆவது நிதிக்குழுக் காலத்தில், உள்ளாட்சி மானியத்தின் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்றே பிரித்து வைக்கப்பட்டது. வடிகாலும் குழாயும் கேட்டவர்களுக்கு இது தெரிந்திருந்தால் பேச்சே வேறு மாதிரி போயிருக்கும். நூறு நாள் வேலைக்கான 2005-ஆம் ஆண்டுச் சட்டமும் தன் 17-ஆவது பிரிவில் சமூகத் தணிக்கையைக் கிராம சபையிடமே கொடுத்தது.

செஞ்சி நகரத்தில் இருப்பவர்களுக்கு

தொண்டூர் போன்ற ஊர்களுக்குக் கிராம சபை. செஞ்சி பேரூராட்சி என்பதால் அங்கே கிராம சபை கிடையாது. வார்டு உறுப்பினர்களைக் கொண்ட மன்றமும் செயல் அலுவலரும் அங்கே நிர்வாகம் நடத்துகிறார்கள். முதலில் போக வேண்டிய கதவு நம் வார்டு கவுன்சிலர். நகர்ப்புறங்களுக்கென வார்டு குழு, பகுதி சபை என்ற ஏற்பாடு 2022-இல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த பகுதி சபைக் கூட்டத்தில் முதலமைச்சரே கலந்துகொண்டார். நம் வார்டுக்கான கூட்டம் எப்போது என்பதைப் பேரூராட்சி அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வது நம் வேலை.

செஞ்சியில் கோட்டையை ஒட்டி வசிப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. சாதத்துல்லா கான் பள்ளிவாசல் உள்ளிட்ட கோட்டைச் சின்னங்கள் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. 2025 ஜூலையில் மராத்திய இராணுவ நிலப்பரப்புகள் என்ற தொகுப்பின் 12 கோட்டைகளில் ஒன்றாகச் செஞ்சி யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றது. அந்தப் பெருமையோடு கட்டுப்பாடும் நினைவில் இருக்க வேண்டும். 2010-இல் திருத்தப்பட்ட தொல்லியல் சின்னங்கள் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டடம் கூடாது. அதைத் தாண்டி 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்டலாம். பழுது பார்ப்பதற்கும் உரிய அனுமதி வேண்டும். கடன் வாங்கி அஸ்திவாரம் போட்ட பிறகு நோட்டீஸ் வந்து நிற்பதைவிட, முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது.

பெண்கள் ஏன் வர வேண்டும்?

தமிழ்நாட்டின் உள்ளாட்சிப் பதவிகளில் 50 விழுக்காடு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் நம் வீட்டுப் பெண்கள் பலர் சபைக்கே வந்ததில்லை. குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, அங்கன்வாடியில் என்ன நடக்கிறது, மாலையில் எந்தத் தெரு இருட்டாக இருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். கிராம சபையை மதம் சார்ந்த வளாகங்களில் நடத்தக் கூடாது என்பதும், வெவ்வேறு பகுதிகளில் சுழற்சி முறையில் நடத்த வேண்டும் என்பதும் அரசின் அறிவுறுத்தல். பொது இடத்தில், பகல் நேரத்தில், ஊரார் எல்லோரும் கூடும் கூட்டம் அது. நான்கைந்து பெண்கள் சேர்ந்து வந்தால் தயக்கம் தானாகக் குறையும்.

செய்ய வேண்டியவை

முதலில், வீட்டில் எல்லோருடைய பெயரும் வாக்காளர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் இல்லாதவர் சபை உறுப்பினர் அல்ல.

இரண்டாவது, கூட்டத்துக்கு முன் ஜமாஅத்தில் உட்கார்ந்து இரண்டு கோரிக்கைகளை மட்டும் முடிவு செய்யுங்கள். பத்துக் கோரிக்கை வைத்தால் ஒன்றும் நடக்காது. இடம், அளவு, எத்தனை வீடுகளுக்குப் பயன் என்று தெளிவாக எழுதுங்கள்.

மூன்றாவது, கூட்டத்தில் பேசியது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அதன் பிறகே எழுந்து வாருங்கள்.

நான்காவது, அடுத்த சபையில் பழைய தீர்மானம் என்னவாயிற்று என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால், 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் கட்டணத்தில் தீர்மான நகலைக் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். வட்டார வளர்ச்சி அலுவலகம், மாவட்ட ஆட்சியரகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டம், முதல்வரின் உதவி மைய எண் 1100 ஆகியவை அடுத்த படிகள். அங்கெல்லாம் தீர்மான எண்ணோடு போகிறவருக்கு மதிப்பு வேறு.

காலம் முக்கியம்

விழுப்புரம் உட்பட ஒன்பது மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில் நடந்தது. ஐந்தாண்டுப் பதவிக்காலம் 2026 அக்டோபரோடு முடிகிறது. மற்ற மாவட்டங்களில் 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்தபோது, ஊராட்சிகள் தனி அலுவலர்களின் பொறுப்புக்குப் போயின. 2016-க்குப் பிறகும் தமிழ்நாட்டில் சில ஆண்டுகள் அப்படித்தான் ஓடியது. தெரிந்த முகமான வார்டு உறுப்பினர் இல்லாத காலத்தில், மக்கள் கையில் மிஞ்சுவது தீர்மானப் புத்தகத்தில் ஏற்கெனவே எழுதப்பட்ட வரிகள்தான். தலைவர் மாறலாம், அலுவலர் மாறலாம், எழுதிய தீர்மானம் அலுவலகத்தில் இருக்கும்.

கலந்தாலோசனையின் பெயரிலேயே, அஷ்ஷூரா என்று, குர்ஆனில் ஓர் அத்தியாயம் இருக்கிறது. பள்ளிவாசல் நிர்வாகத்தில் அதைப் பேணுகிற நாம், ஊர் நிர்வாகம் கலந்தாலோசிக்க அழைக்கும் நாளில் வீட்டிலிருந்தால் எப்படி? அடுத்த கிராம சபை நாளை இன்றே நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். வாசலில் பேசும் அந்தப் பத்து நிமிடப் பேச்சை, ஒருமுறை சபையில் பேசிப் பாருங்கள். மையவாடிப் பாதை அடுத்த மழைக்கு முன் சரியாகும், இன்ஷா அல்லாஹ்.